கரி பஸ்ஸும் ஹைட்ரஜன் பங்கும்

வண்டிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சினின் வரலாற்றையே எழுதுகிறார்கள். யார் கண்டுபிடித்தார், எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு வேகம் என்பவையே அவர்களுடைய அக்கறை. வழியில் எரிபொருள் தீர்ந்துபோனால் எங்கே போவது என்ற எளிய கேள்விக்கு அந்நூல்களில் அதிக இடம் கிடைப்பதில்லை. ஆயினும் ஒரு வண்டி மக்கள் வாழ்வில் நிலைக்குமா, பொருட்காட்சியோடு மறையுமா என்பதைப் பல சமயங்களில் இந்தக் கேள்வியே தீர்மானித்திருக்கிறது. ஹைட்ரஜனால் ஓடும் கார்களையும் பேருந்துகளையும் பற்றிச் சில ஆண்டுகளாக நிறையப் படிக்கிறோம். அவற்றுக்கு எங்கே, யார், எப்படி எரிபொருள் நிரப்புவார்கள் என்பதை வரலாற்றின் துணையோடு யோசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எழுதுவது ஆரணியிலிருந்து என்பதால், பட்டுத்தறிகளை நம்பி வாழும் ஒரு நடுத்தர ஊரின் கண்ணாலும் இதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மருந்துக்கடையும் தகர டின்னும்

1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் என்ற ஜெர்மானியப் பெண்மணி, கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மோட்டார் வண்டியில், அவரிடம் சொல்லாமலே, இரண்டு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட அப்பயணத்தின் நடுவே எரிபொருள் குறைந்தபோது, வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில் லிக்ராயின் என்னும் பெட்ரோலியக் கரைப்பானை வாங்கி ஊற்றிக்கொண்டார். உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று இன்று அந்த மருந்துக்கடையைத்தான் குறிப்பிடுகிறார்கள். இங்கு கவனிக்க வேண்டியது, அந்த எரிபொருளுக்காக யாரும் புதிதாக ஒரு கடையைக் கட்டவில்லை என்பது. துணிக்கறை போக்குவதற்காக ஏற்கெனவே விற்கப்பட்ட ஒரு பொருள் வண்டிக்கும் உதவிற்று.

நம் நாட்டில் நடந்ததும் ஏறக்குறைய இதுவே. மோட்டார் வண்டிகள் பரவுவதற்கு முன்பே மண்ணெண்ணெய் கிராமங்களுக்குள் நுழைந்துவிட்டது. நான்கு காலன், அதாவது சுமார் 18 லிட்டர் கொள்ளும் தகர டின்களில் ரயிலேறி, மாட்டுவண்டியேறி, மளிகைக் கடை வரை அது வந்தது. காலியான டின் தண்ணீர்க் குடமாகவும் நெல் அளக்கும் பாத்திரமாகவும் கூரைத் தகடாகவும் மறுபிறவி எடுத்தது. எண்ணெய் வணிகர்களும் கிடங்குகளும் முகவர்களும் கொண்ட இந்த வலையின் மீதுதான் பிறகு பெட்ரோல் பயணம் செய்தது. 1928இல் உருவான பர்மா ஷெல் நிறுவனத்துக்கு விளக்கெரிக்கும் மண்ணெண்ணெயும் வண்டி ஓட்டும் பெட்ரோலும் ஒரே வணிகத்தின் இரு கைகளாக இருந்தன. கையால் அடித்து நிரப்பும் பம்புகள் ஊர்களில் தோன்றியபோது, அவற்றின் பின்னால் பல பத்தாண்டு வணிகப் பழக்கம் இருந்தது.

ஆரணிக்கு இது வெறும் தகவல் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் விழுப்புரம் காட்பாடி ரயில் பாதை அமைந்தபோது அது ஆரணி நகருக்குள் வரவில்லை. நிலையம் களம்பூரில் அமைந்தது. பெயர் மட்டும் ‘ஆரணி ரோடு’. திண்டிவனத்திலிருந்து ஆரணி வழியாக நகரிக்குச் செல்லும் புதிய பாதை 2006-07இல் ஒப்புதல் பெற்றது. அந்தத் தண்டவாளமும் இன்னும் ஊருக்குள் வந்து சேரவில்லை. ஆகவே கர்நாடகத்துப் பட்டு நூலும் சூரத்து ஜரிகையும் தறிக்கு வருவதும், நெய்த புடவை காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் போவதும் சாலையை நம்பியே. சாலையில் எந்த எரிபொருள் ஓடுகிறது, அது எந்த ஊரில் கிடைக்கிறது என்பது இங்கே கூலியையும் விலையையும் தொடும் விஷயம்.

யுத்த காலத்துக் கரி பஸ்

இரண்டாம் உலகப் போர் பெட்ரோலைப் பறித்தது. 1941இல் இந்தியாவில் பெட்ரோல் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும் பர்மா எண்ணெய் வரும் வழி அடைபட்டது. பஸ் முதலாளிகளுக்கு முன்னே இரண்டே வழிகள் இருந்தன: வண்டியை நிறுத்திவைப்பது, அல்லது வேறு எதையாவது எரித்து ஓட்டுவது.

அப்போது வந்ததே கரி பஸ். பஸ்ஸின் பின்புறம் ஒரு உயரமான இரும்பு உருளை பொருத்தப்படும். அதில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, போதிய காற்று விடாமல் கனலச் செய்தால், முழுமையாக எரியாத வாயுக் கலவை ஒன்று வெளிப்படும். அதைக் குளிர்வித்து, சாம்பல் நீக்கி, எஞ்சினுக்குள் செலுத்துவார்கள். காலையில் வண்டி கிளம்புமுன் கிளீனர் விசிறியின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கனல் மூட்டியதையும், மேட்டில் ஏற மறுத்த வண்டியைப் பயணிகள் இறங்கித் தள்ளியதையும் முந்தைய தலைமுறையினர் கதைகதையாகச் சொல்லக் கேட்டிருப்போம். மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் இத்தகைய கருவியை வடிவமைத்துத் தயாரித்தார். ‘டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்’ என்ற பெயரில் அது சென்னை மாகாணத்துப் பஸ்களை ஓடவைத்தது.

அந்த வாயுக் கலவையில் என்ன இருந்தது? எரியாத நைட்ரஜன் ஏறக்குறைய பாதி. மீதியில் பெரும்பகுதி கார்பன் மோனாக்சைடு. அதனுடன், கரியின் ஈரத்திலிருந்தும் சில கருவிகளில் சிறிதளவு சேர்க்கப்பட்ட நீராவியிலிருந்தும் பிரிந்த ஹைட்ரஜன். எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, கலவையாகவேனும், தமிழ்நாட்டுச் சாலைகளில் ஹைட்ரஜன் எரிந்து வண்டியை இழுத்திருக்கிறது என்று சொல்வதில் பிழையில்லை.

ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலைக்கு ஒன்றரைக் கிலோ அளவில் கரி வேண்டும். எஞ்சினின் வலு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். கார்பன் மோனாக்சைடு உயிர்கொல்லி. இத்தனை குறைகள் இருந்தும் கரி பஸ் ஓடியதற்குக் காரணம் அதற்குத் தனி நிலையம் தேவைப்படவில்லை என்பதே. ஊருக்கு ஊர் கரிக்கடை இருந்தது. சாக்கில் கட்டி மேலே போட்டுக்கொள்ளலாம். சிந்தினால் கூட்டி அள்ளலாம். ஜெர்மனியில் போர் முடியும் தறுவாயில் இவ்வகை வண்டிகள் சுமார் ஐந்து லட்சம் ஓடின. அவற்றுக்காக விறகுத் துண்டுகளை விற்கும் நிலையங்கள் சுமார் மூவாயிரம் இயங்கின. அங்கே அரசு முனைந்து நிறுவிய வலையமைப்பின் வேலையை இங்கே கரிக்கடைகள் செய்தன.

போர் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் சில ஆண்டுகளில் உருளைகள் பழைய இரும்புக்குப் போயின. இது இரண்டாவது பாடம். நெருக்கடி ஒரு எரிபொருளைக் கொண்டுவரக்கூடும். அதை நிலைநிறுத்துவது அன்றாட வசதி மட்டுமே.

ஹைட்ரஜன் என்ற கனவு

ஹைட்ரஜனுக்குத் தமிழில் நீரகம், நீரியம் என்றெல்லாம் பெயரிட்டார்கள். இலங்கைத் தமிழர் ஐதரசன் என்றே எழுதுவர். ‘நீரை உண்டாக்குவது’ என்ற கிரேக்கப் பொருளை முதல் இரண்டு சொற்களும் ஓரளவு தாங்கி நிற்கின்றன. இவ்வாயு எரிந்தாலும், மின்கலனில் ஆக்சிஜனோடு கூடி மின்சாரம் தந்தாலும், எஞ்சுவது தண்ணீர்தான். வில்லியம் குரோவ் இந்த மின்கலனின் முதல் வடிவை 1839இல் காட்டினார். ஜூல் வெர்ன் 1874இல் வெளியான தம் ‘மர்மத் தீவு’ நாவலில், ஒருநாள் தண்ணீரே எரிபொருளாகும் என்று ஒரு பாத்திரத்தைப் பேச வைத்தார். 1923இல் ஜே.பி.எஸ். ஹால்டேன் கேம்பிரிட்ஜ் உரையொன்றில், காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனாகச் சேமித்து வைக்கும் ஓர் எதிர்காலத்தை விவரித்தார். அதே ஹால்டேன் பின்னாளில் இந்தியக் குடிமகனாகி 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்தார். முப்பந்தல் கணவாயில் சுழலும் காற்றாலைகளைக் கடந்து போகும்போது அவர் நினைவு வராமலிருப்பதில்லை.

தொழிலுலகுக்கு ஹைட்ரஜன் புதிதன்று. 1934இல் மேட்டூர் அணை எழுந்த பின் அங்கே அமைந்தது போன்ற காஸ்டிக் சோடா ஆலைகளில், உப்புநீரை மின்னாற்பகுக்கும்போது ஹைட்ரஜன் துணைப்பொருளாகக் கிடைக்கிறது. 1937இல் சந்தைக்கு வந்த டால்டா, தாவர எண்ணெயில் ஹைட்ரஜனைச் சேர்த்து இறுக்கியதே. மணலி சுத்திகரிப்பு ஆலையும் அதைப் பயன்படுத்துகிறது. ஆலைச் சுவருக்குள் நூறாண்டாகப் பழகிய இவ்வாயுவைத் தெருமுனைக்குக் கொண்டுவருவதில்தான் சிக்கல்.

நிலையம் ஏன் கடினம்

சாதாரண அழுத்தத்தில் ஒரு கிலோ ஹைட்ரஜன் பதினொரு கனமீட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். ஒரு சிறு அறையை நிறைக்கும் அந்த வாயுவைக் காரின் அடியில் அடக்க, வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 700 மடங்கு அழுத்த வேண்டும். பேருந்துகளுக்குப் பெரும்பாலும் 350 மடங்கு. வேகமாக நிரப்பினால் தொட்டி சூடேறும் என்பதால், கார்களுக்கு வாயுவை முன்னதாகவே பூஜ்யத்துக்குக் கீழே 40 பாகை வரை குளிர்விக்கிறார்கள். சில வகை எஃகுகளுக்குள் இது ஊடுருவி அவற்றை நொறுங்கும்படி செய்துவிடும். தீப்பிடித்தால் பகலில் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. கனத்த எஃகு உருளைகளைச் சுமந்து வரும் ஒரு பெரிய லாரி கொண்டுவரும் ஹைட்ரஜன் சில நூறு கிலோவைத் தாண்டுவதில்லை.

இவையெல்லாம் தீர்க்க முடியாத சிக்கல்கள் அல்ல. ஆனால் மருந்துக்கடையிலோ மளிகைக்கடையிலோ கரிக்கடையிலோ வைத்து விற்க முடியாத வண்டி எரிபொருள் இது. ஏற்கெனவே இருக்கும் வணிக வலை எதிலும் தொற்றிக்கொண்டு வர இதற்கு வழியில்லை. நிலையத்தை முதலில் கட்டினால் வண்டிகள் இல்லை. வண்டியை முதலில் வாங்கினால் நிலையம் இல்லை.

ஆரணியில் நெசவாளிக்கு இது புரியும். பாவு பூட்டாத தறியில் ஊடை ஓட இடமில்லை. இரண்டு மூன்று புடவைகளுக்கான பட்டுப் பாவுக்கு முதல் போட நெசவாளியிடம் பணம் இருப்பதில்லை. விற்பனை நடக்கும் முன்பே நூலையும் ஜரிகையையும் முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ தந்தாக வேண்டும். அந்த முதல் பாரத்தை யார் சுமக்கிறார் என்பதைப் பொறுத்தே, தறி யாருக்காக ஓடுகிறது என்பதும் முடிவாகிறது. எரிபொருள் நிலையங்களின் வரலாற்றிலும் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

டெல்லியும் கலிபோர்னியாவும்

1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம், எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில், டெல்லிப் பேருந்துகள் அனைத்தும் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த உத்தரவு பேருந்தோடு நிற்கவில்லை. 9 ஆக இருந்த எரிவாயு நிலையங்களை 80 ஆக உயர்த்த வேண்டும் என்றும், அதற்கான நாளையும் குறித்தது. இருந்தும் நிலையங்கள் பின்தங்கின. 2001, 2002ஆம் ஆண்டுகளில் ஆட்டோக்காரர்கள் இரவெல்லாம் வரிசையில் காத்திருந்தார்கள். தேசத்தின் காற்றைச் சுத்தப்படுத்தும் செலவில் ஒரு பகுதியை, கூலி இழந்த இரவுகளாக அவர்கள் செலுத்தினார்கள். எனினும் மாற்றம் நிலைத்தது. 2002 டிசம்பருக்குள் நகரப் பேருந்துகள் எரிவாயுவுக்கு மாறின. நீதிமன்றக் கட்டாயம், குழாய் வழி வரும் எரிவாயு, தினமும் தவறாமல் நிரப்ப வரும் ஆயிரக்கணக்கான வண்டிகள் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்ததே காரணம்.

கலிபோர்னியாவில் ஆளுநர் அர்னால்டு சுவார்ஸ்நெக்கர் 2004இல் ‘ஹைட்ரஜன் நெடுஞ்சாலை’ அமைக்க ஆணையிட்டார். 2013இல் இயற்றிய சட்டம், 100 நிலையங்கள் எழும் வரை ஆண்டுக்கு 2 கோடி டாலர் வரை அரசுப் பணம் தர வழி செய்தது. பணம் இருந்தது, விருப்பமும் இருந்தது. தவறாமல் வந்து நிரப்பும் வண்டிகள் மட்டும் போதிய அளவில் இல்லை. 2024 பிப்ரவரியில் ஷெல் நிறுவனம் அங்கே கார்களுக்காக நடத்திவந்த ஏழு ஹைட்ரஜன் நிலையங்களையும் நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தது. தனிமனிதர் ஒருவர் அந்தக் காரை வாங்கியிருந்தால், அடுத்த நாள் அவர் எங்கே போவார்? நார்வேயில் சான்ட்விகா அருகே 2019 ஜூனில் ஒரு நிலையம் வெடித்தது. உயர் அழுத்தத் தொட்டியில் போல்ட்டுகளைச் சரியாக முடுக்காததே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. இத்தொழிலில் கவனக்குறைவுக்கு இடமில்லை.

இந்தியக் கணக்கு

இந்தியாவில் இந்தியன் ஆயில் நிறுவனம் 2005இலேயே ஃபரிதாபாத் ஆய்வு மையத்தில் ஹைட்ரஜன் நிரப்பும் நிலையத்தை அமைத்தது. 2006இல் வெளிவந்த தேசிய ஹைட்ரஜன் திட்ட வரைவு, 2020க்குள் பத்து லட்சம் ஹைட்ரஜன் வண்டிகள் ஓடும் என்று குறி வைத்தது. 2020 வந்தது, போனது. பத்து லட்சத்தில் சிறு பின்னத்தைக்கூட நாம் எட்டவில்லை.

2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 19,744 கோடி ரூபாயில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி என்பது இலக்கு. லடாக்கின் லே நகரில் என்.டி.பி.சி. நிறுவனம் சூரிய மின்நிலையம், ஹைட்ரஜன் நிலையம், ஐந்து பேருந்துகள் என மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்து அமைத்தது. 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட ஐந்து முன்னோட்டத் திட்டங்களில் 37 பேருந்துகளும் லாரிகளும், 9 நிலையங்களும் இடம்பெற்றன. பத்து லட்சம் கார்கள் என்ற பேச்சிலிருந்து 37 கனரக வண்டிகள் என்ற கணக்குக்கு இறங்கியதை நான் தோல்வியாகக் கருதவில்லை. முதல்முறையாக வண்டியையும் நிலையத்தையும் ஒன்றாக எண்ணியிருக்கிறார்கள்.

அந்த வழித்தடங்களின் பட்டியலில் திருவனந்தபுரம் கொச்சி இருக்கிறது, விசாகப்பட்டினம் இருக்கிறது. தமிழ்நாட்டின் சாலை ஒன்றுகூட இல்லை. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் உருவான ஹைட்ரஜன் ரயில் ஹரியானாவின் ஜிந்த் சோனிபட் பாதைக்கானது. 2024இல் ஹூண்டாய் நிறுவனம் 180 கோடி ரூபாயில் ஹைட்ரஜன் ஆய்வு மையம் அமைப்பதாகத் தமிழ்நாட்டில் அறிவித்தது. 2025 செப்டம்பரில் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் சிறிய பசுமை ஹைட்ரஜன் ஆலை தொடங்கப்பட்டது. செய்கிறோம், ஆராய்கிறோம். நிரப்பி ஓட்டும் இடம் மட்டும் வேறெங்கோ இருக்கிறது.

ஆரணிக்கு என்ன

ஆரணியில் ஹைட்ரஜன் கார் பங்க் வரவேண்டும் என்று நான் வாதாடப் போவதில்லை. ஒரு கிலோ ஹைட்ரஜனை மின்னாற்பகுப்பில் பெற 50 முதல் 55 யூனிட் மின்சாரம் செலவாகிறது. அதைக் கொண்டு அந்தக் கார் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடும். அதே மின்சாரத்தை மின்கலக் காரில் நேராக ஏற்றினால் முந்நூறு கிலோமீட்டரைத் தாண்டும். வீட்டுச் சுவரில் மின்செருகி இருக்கும்போது, சொந்தக் காருக்காக அழுத்தப் பாறையொன்றை ஊர் நடுவே கட்டுவது விவேகமன்று. கரிக்கடையின் இடத்தை இன்று மின்செருகி பிடித்துக்கொண்டது என்றே கொள்ளலாம்.

நெடுந்தூரப் பேருந்தும் பாரம் சுமக்கும் லாரியும் வேறு. அவற்றுக்கு மின்கலத்தின் எடையும் ஏற்றும் நேரமும் பாரம். 1972 முதல் அரசுடைமையான நம் பேருந்துகள் காலையில் பணிமனையிலிருந்து கிளம்பி இரவில் அங்கேயே திரும்புகின்றன. டீசலையும் அங்கேயே நிரப்பிக்கொள்கின்றன. நாள்தோறும் எத்தனை வண்டி வரும், எவ்வளவு நிரப்பும் என்பது முன்கூட்டியே தெரிந்த இடம் பணிமனை. கலிபோர்னியாவில் கிடைக்காத அந்த உறுதி இங்கே கணக்குப் புத்தகத்தில் எழுதியே இருக்கிறது. தமிழ்நாட்டில் ஹைட்ரஜனைச் சோதிக்க வேண்டுமானால் அதற்குரிய இடம் நெடுஞ்சாலை ஓரத்துப் புதுப் பங்க் அன்று, ஒரு பேருந்துப் பணிமனையே என்பது என் கருத்து. நெசவில், புதுப் பாவு ஏற்றும்போது அச்சில் விட்டுவைத்த பழைய இழைகளின் நுனியோடு புதிய இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். பழையதை முழுவதும் அறுத்தெறிந்துவிட்டு எவரும் புதியதைத் தொடங்குவதில்லை.

இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதலில் வரையப்படும் வரைபடம் எளிதில் மாறுவதில்லை. ரயில் பாதை களம்பூரோடு நின்றதன் விலையை இவ்வூர் நூறாண்டுக்கு மேலாக வண்டிச்சத்தமாகக் கொடுத்து வருகிறது. அடுத்த எரிபொருளின் வரைபடம் துறைமுகங்களையும் பெருநகரங்களையும் இணைத்து இப்போது வரையப்படுகிறது. நாளை டீசல் லாரி அரிதாகும் காலம் வந்தால், பட்டு நூல் மூட்டை எந்த ஊர் வரை புதிய வண்டியில் வரும், எங்கே இறக்கி வேறு வண்டிக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்பது அந்தக் கோடுகளில் இருக்கிறது. மாவட்டத் தலைநகரங்களிலும் ஆரணி போன்ற தொழில் ஊர்களிலும் உள்ள பணிமனைகளைத் திட்டமிடுவோர் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொண்டால் அதிகச் செலவில்லை. கோடு போட்டு முடிந்த பிறகு கேட்டால், நமக்குக் கிடைப்பது மறுபடியும் ஒரு ‘ரோடு’ நிலையமாகத்தான் இருக்கும்.